நாலடிக் கம்பும் ஒரு கடிதமும்

டென்மார்க்கில் எனக்குக் கொடுத்த சைக்கிளுக்குக் கைப்பிடியில் பிரேக் இல்லை. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் சக்கரம் நின்றுவிடுமாம். நம்மூரில் இறக்கத்தில் போகும்போது சும்மா பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டே போவோம் இல்லையா, அதே பழக்கத்தில் சுற்றினேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. முதல் நாள் காலை ஏழரை மணிக்கு, நாற்பத்து நான்கு வயதில், ஒரு உருளைக்கிழங்கு வயலின் ஓரத்தில் கம்பும் நானுமாகக் கிடந்தோம்.

அந்தக் கம்புக்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். ஜப்பானியர்கள் அதை ஜோ என்கிறார்கள். நாலடிக்குக் கொஞ்சம் அதிகம், வழவழவென்று இழைத்த மரம். வாளோடு வருகிறவனை வெறும் கம்பால் மடக்குகிற வித்தை அது. நான் திண்டுக்கல்லில் பதினெட்டு வருடமாகக் கராத்தே சொல்லிக்கொடுப்பவன். எங்கள் ஊர் ஆயுதப்படைப் போலீஸில் ஒரு அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், நம்ம பசங்களுக்கு லத்தியை ஒழுங்காப் பிடிக்கவே தெரியலை. நீங்க கம்புக்கு வெளிநாட்டு சர்டிபிகேட் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. வாரத்துல மூணு நாள் கிளாஸ் உங்களுக்குத்தான். ஆனா பேப்பர் இருக்கணும்" என்றார். நிரந்தர வேலை என்ற சொல்லை என் வீட்டில் அதற்குமுன் யாரும் உச்சரித்ததில்லை.

ஜப்பான்காரன் கம்புக்கு டென்மார்க் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. ஜப்பானுக்குப் போக எனக்குக் கட்டுப்படியாகாது. டென்மார்க்கில் ஒரு சின்னச் சங்கம் எட்டு நாள் முகாம் நடத்தி, எட்டாம் நாள் தேர்வும் வைத்து, தங்க இடமும் தருவதாக எழுதியிருந்தது. காரணம் அவ்வளவுதான். இதைப் பஸ் ஸ்டாண்டில் வைத்து எத்தனை பேரிடம் விளக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஊர் பெயர் கிரின்ஸ்டெட். தொழிற்சாலைகள், வயல்கள், காற்று, மறுபடியும் வயல்கள். தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. எல்லோரும் காரில் போகிறார்கள், கார் இல்லாதவன் என்ன செய்வான் என்று அந்த ஊர் யோசித்ததாகவே தெரியவில்லை. திண்டுக்கல்லில் ஒரு டீக்கடை வாசலில் நிற்கிற கூட்டத்தை அங்கே இறக்கினால் ஊர்வலம் என்று நினைத்துவிடுவார்கள்.

"உங்கள் மொழி பேசுகிற ஒருவர் எங்கள் சங்கத்தில் இருக்கிறார், அவர் வீட்டில் தங்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். அவர்தான் ஜெராட். மன்னார்க்காரர், முப்பத்தொரு வயது, ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு பழைய பண்ணை வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தார்.

"வாங்கோ அண்ணை. களைச்சுப் போய் வந்திருப்பியள். முதல் சாப்பிடுங்கோ, பிறகு கதைப்பம்" என்றார். புட்டும் கோழிக்கறியும் வைத்திருந்தார். பசியில் நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் புட்டு அவித்தார்.

சமையலறைச் சுவரில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. "என்ரை மனிசி, ரெஜினா. பிள்ளைக்கு இப்ப ஆறு வயசு. நான் வெளிக்கிடேக்க மூண்டு மாசம்" என்றார்.

அவர்களைக் கூட்டிக்கொள்ள விண்ணப்பம் போட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. பதில் இல்லை. அவருக்கு மட்டுமல்ல, அகதியாக வந்த தமிழர்கள் பலருடைய குடும்ப விண்ணப்பங்கள் அப்படியே கிடந்தன. மேலிடத்தில் வேண்டுமென்றே நிறுத்திவைத்தார்கள் என்று பேச்சாகி, விசாரணை வந்து, அந்த வருடங்களில் டேனிஷ் பத்திரிகைகள் தமிழர் வழக்கு என்று நாள் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தன. நாட்டுக்கே தெரிந்துவிட்ட பிறகும் ஜெராட்டின் தபால்பெட்டி காலியாகத்தான் இருந்தது. போர் மறுபடி மூண்டதில் ரெஜினாவும் பிள்ளையும் மடுக் கோயில் அகதி முகாமுக்குப் போய்விட்டார்கள்.

"நாலு வருஷமா? எங்க ஊர்ல ரேஷன் கார்டே ஒரு வருஷத்துல வந்துடுமே" என்றேன்.

"இஞ்ச எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடக்கும் அண்ணை. இது மட்டும்தான் நடக்கேல்லை" என்றார் ஜெராட்.

சொன்ன நேரத்துக்கு நடக்கும் என்பதை இரண்டாம் நாளே பார்த்தேன். சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட முழங்காலோடு பஸ்ஸுக்குப் போனேன். ஏழு பன்னிரண்டுக்குப் பஸ். நான் ஓடி வருவதை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். கம்பைத் தூக்கிக் காட்டினேன். பன்னிரண்டு ஆனதும் கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். அடுத்த பஸ் ஒன்பது பன்னிரண்டுக்கு. நம்மூரில் பஸ் கிளம்பியே இருந்தாலும் நாலு பேர் உள்ளிருந்து பக்கவாட்டில் தட்டி நிறுத்துவார்கள். அந்தப் பஸ்ஸில் தட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

பயிற்சிக்கூடம் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம். ஆசிரியை பிர்கிட், ஐம்பது வயது, அந்தப் பள்ளி நூலகத்திலேயே வேலை. ஜப்பானில் ஆறு வருடம் இருந்து கற்றவர். நான் குனிந்து வணங்கி என் கறுப்பு பெல்ட், பதினெட்டு வருட அனுபவம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு ஈரத்துணியைக் கையில் கொடுத்தார். தரை துடைக்க வேண்டும். எல்லோரும் துடைத்தார்கள், அவரும் துடைத்தார். திண்டுக்கல்லில் என் வகுப்பில் தரை துடைக்க ஒரு அம்மா வருவார், அந்த அம்மாகூட நின்றுகொண்டுதான் துடைப்பார். இங்கே தவளை மாதிரி குனிந்து மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட வேண்டும்.

பிறகு பயிற்சி. ஒருவர் மரவாளோடு வெட்ட வருவார், மற்றவர் கம்போடு நிற்பார். வாள் தலைக்கு வரும். வருகிற கடைசிக் கணம் வரை நின்று, விலகி, கம்பால் மணிக்கட்டைத் தட்டி, நுனியை எதிராளியின் கண்ணுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டும், குத்தக்கூடாது. பன்னிரண்டு முறைகள், ஒவ்வொன்றும் எழுதிவைத்த மாதிரி அப்படியே நடக்க வேண்டும். எனக்கு ஜோடி ஜெராட். வாள் அவருக்கு, கம்பு எனக்கு.

கம்பைக் கையில் எடுத்ததும் பழக்கதோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றினேன். சின்ன வயதில் கொஞ்சம் சிலம்பம் ஆடியவன், கை சும்மா இருக்காது. பிர்கிட் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, "வேண்டாம்" என்றார். ஜெராட் வாளை ஓங்கினார், நான் விலகினேன். "முந்திவிட்டாய்" என்றார் பிர்கிட். மறுபடி. "முந்திவிட்டாய்." காலையிலிருந்து மத்தியானம் வரை அந்தப் பெண்மணி என்னிடம் பேசியது இந்த ஒரே வார்த்தைதான். வாள் வருமென்று தெரிந்த பிறகும் என்ன மரியாதைக்கு அங்கேயே நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரே ஆறுதல், ஒவ்வொரு முறையும் ஜெயித்தது நான். ஜெராட் வெட்ட வருவார், தோற்பார், பின்வாங்குவார். ஒரு நாளில் நாற்பது தடவை தோற்றார். பாவமாக இருந்தது. ராத்திரியெல்லாம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு நேரே மண்டபத்துக்கு வந்து, உடைமாற்றும் அறை பெஞ்சில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு வாளைப் பிடிக்கிற ஆள். "இடுப்பைக் கொஞ்சம் இறக்குங்க தம்பி, அப்பதான் வெட்டு விழும்" என்று நானே சொல்லிக்கொடுத்தேன். "ஓம் அண்ணை" என்று இறக்கினார். மறுபடி தோற்றார். அன்று சாயங்காலம் அதிகாரிக்கு ஒரு படக்கார்டு எழுதிப் போட்டேன். தினமும் இங்கே வாள்வீரர்கள் என் கம்பிடம் தோற்கிறார்கள் என்று.

மத்தியானச் சாப்பாடு இன்னொரு சோதனை. கறுப்பு ரொட்டி என்று ஒன்று, செங்கல்லை மெலிதாக அறுத்த மாதிரி. அதன்மேல் பச்சை மீனைப் புளிக்கவைத்து வெங்காயத்தோடு அடுக்கித் தருகிறார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயைத் திறந்தேன். பிர்கிட் அதை ஜாம் மாதிரி ரொட்டி முழுக்கத் தடவிச் சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வந்தது. "சுவாரசியமாக இருக்கிறது" என்று சொல்லி இன்னொரு துண்டுக்கும் தடவினார். நாலு நாளில் பாட்டில் காலி.

மூன்றாம் நாள் காலை மண்டபத்துக்குள் நுழைந்தால் அந்தப் பஸ் ஓட்டுநர் கம்போடு நிற்கிறார். பெயர் ஹென்னிங், சங்கத்தில் புதுசு. என்னைப் பார்த்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்பு மிட்டாயை எடுத்து நீட்டி ஏதோ சொன்னார். ஜெராட் மொழிபெயர்த்தார்: "நேற்று நீங்கள் நாற்பது விநாடி பிந்திட்டியளாம். அதுக்காகத் தான் வருந்துறாராம்." நான் பிந்தியதற்கு அவர் வருந்துகிறார். மிட்டாயை வாயில் போட்டேன். உப்பில் ஊறிய அடுப்புக்கரி. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்கவே முடியாதது பத்து மணிதான். தினமும் பத்து மணிக்கு ஜெராட் வாளைக் கீழே வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். தபால் வரும் நேரம். போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வர முக்கால் மணி நேரம். அதுவரை நான் கம்பை ஊன்றிக்கொண்டு காவல்காரன் மாதிரி நிற்பேன். எட்டு நாளில் ஆறு மணி நேரம் இதற்கே போகும் என்று கணக்குப் போட்டுப் போட்டு எனக்கு வயிறெரிந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் கடிதம் ஓடியா போய்விடும்?

நான்காம் நாள் நடந்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பிர்கிட் வாளை எடுத்துக்கொண்டு ஹென்னிங்குக்கு எதிரே நின்றார். ஹென்னிங்குக்கு இடது கால் எது, வலது கால் எது என்றே தடுமாற்றம். பிர்கிட் வெட்டினார், அந்த ஆள் தட்டுத்தடுமாறி விலகிக் கம்பை நீட்டினார், பிர்கிட் தோற்றுப் பின்வாங்கினார். எட்டுத் தடவை. ஆறு வருடம் ஜப்பானில் கற்றவர் ஒரு பஸ் ஓட்டுநரிடம் தோற்கிறார்.

"என்ன தம்பி இது? அவங்க ஏன் தோக்கிறாங்க?"

ஜெராட் என்னை விநோதமாகப் பார்த்தார். "கத்தி பிடிக்கிறது எப்பவும் மூத்த ஆள்தானே அண்ணை. தோக்கிறதுதான் அவையின்ரை வேலை. நான் ஒழுங்கா வெட்டி, ஒழுங்காத் தோத்தால்தான் நீங்கள் பழகுவியள். உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்."

எனக்குத் தெரியாது. கராத்தேயில் மூத்தவன் ஜெயிப்பான், இளையவன் அடிவாங்குவான், பதினெட்டு வருடமாக என் வகுப்பில் அதுதான் சட்டம். "நீங்க எத்தனை வருஷமாப் பழகுறீங்க?" என்று கேட்டேன். "நாலு வருசம். விண்ணப்பம் போட்ட கிழமை இஞ்ச வந்து சேர்ந்தனான். வீட்டில இருந்தா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு இருக்க வேணும்" என்றார். இவருக்குத்தான் நான் இடுப்பை இறக்கச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதிகாரிக்குப் போட்ட படக்கார்டு அந்நேரம் எந்த விமானத்தில் இருந்ததோ.

பிர்கிட்டிடம் தேர்வைப் பற்றிக் கேட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. தேர்விலும் வாள் பிடிப்பவர் தகுதி உள்ள மூத்தவராக இருக்க வேண்டும். பிர்கிட் தேர்வாளர்களில் ஒருவர், ஆகவே அவர் பிடிக்க முடியாது. மிச்சம் இருப்பது ஜெராட் மட்டும். அவர் இல்லையென்றால் எனக்குத் தேர்வு இல்லை. அடுத்த தேர்வு அடுத்த கோடையில்.

இதைக் கேட்ட மறுநாளே அது நடந்தது. ஐந்தாம் நாள் பத்து மணிக்குப் போன ஜெராட் பதினொன்றரை வரை வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தால் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார், மடியில் பிரித்த கடிதம். அரசாங்க உறை, ஆனால் வரி சம்பந்தமானது. உறையைப் பார்த்ததும் அதுவென்று நினைத்துவிட்டாராம். "இண்டைக்கு ஏலாது அண்ணை. இப்ப வாளைப் பிடிச்சா உங்களுக்கு அடி விழும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வரிக் கடிதத்துக்கே இப்படி என்றால் என் தேர்வு என்ன ஆகும் என்று எனக்குப் பகீரென்றது. அவரைப் பற்றி அன்று நான் நினைத்தது அது ஒன்றுதான். மறைக்க விரும்பவில்லை.

ஏழாம் நாள் நானே ஒரு யோசனை சொன்னேன். "நாளைக்குத் தேர்வு. நீங்க வேலை முடிஞ்சு நேரா மண்டபத்துக்குப் போய்ப் படுங்க. நான் வீட்டுல இருந்து தபாலைப் பாத்துட்டு, இருந்தா கையோட கொண்டு வர்றேன். ரெண்டு பேருக்கும் அலைச்சல் மிச்சம்."

ஜெராட் யோசித்தார். நான்கு வருடத்தில் அந்தப் பெட்டியை இன்னொருவரைத் திறக்கவிட்டதில்லையாம். "சரி அண்ணை. நாளைக்கு வெள்ளி. பன்னெண்டு மணிக்கு ரெஜினா மண்டபத்துப் போனுக்கு எடுப்பா. அதுக்கு முதல் வந்திடுங்கோ" என்றார். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை அவள் மடு முகாமிலிருந்து பாஸ் எடுத்து, நடந்தும் பஸ்ஸிலும் வவுனியாவுக்கு வந்து, ஒரு தொலைபேசிக் கடையில் வரிசையில் நிற்பாளாம். பேசக் கிடைப்பது மூன்று நிமிடம்.

வெள்ளிக்கிழமை பத்து அடிக்க ஐந்து நிமிடத்துக்குத் தபால்காரப் பெண் சைக்கிளில் வந்தாள். பெட்டியில் ஒரு விளம்பரத் தாள், ஒரு நீள உறை. உறையில் கிரீட முத்திரை, ஜெராட்டின் முழுப் பெயர். தடித்து இருந்தது. டேனிஷ் தெரியாத எனக்கும் அது வரிக் கடிதம் இல்லை என்று தெரிந்தது.

கம்பு வைக்கும் துணிப்பையில் அதைச் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். எதிர்காற்று. ஆறு கிலோமீட்டரும் யோசித்துக்கொண்டே மிதித்தேன். மறுப்பு என்றால் அந்த மனிதர் வாளைத் தொடமாட்டார். சம்மதம் என்றாலும் தொடமாட்டார். எது வந்திருந்தாலும் என் கதை முடிந்தது. தேர்வு இரண்டு மணிக்கு. மூன்று மணிக்குக் கொடுத்தால் என்ன? நான்கு வருடம் காத்திருந்தவருக்கு இன்னும் ஐந்து மணி நேரத்தில் என்ன குடிமுழுகிப் போய்விடும்? மண்டபம் வருவதற்குள் இது எனக்கு நியாயமாகவே பட்டுவிட்டது.

ஜெராட் வாசலிலேயே நின்றார். தூங்கியிருக்கவில்லை. "ஒண்டும் வரேல்லையோ?" என்றார்.

"இல்லை தம்பி. விளம்பரம்தான்" என்றேன். விளம்பரத் தாளை எடுத்துக் கொடுக்கவும் செய்தேன். அவர் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு நடைவழியில் தொலைபேசி அடித்தது. பிர்கிட் எடுத்து, "ஜெராட், உன் மனைவி" என்றார். நான் சுவரோரம் உட்கார்ந்து முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். துணிப்பை என் காலடியில். ஜெராட் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "ஓம்... சாப்பிட்டியே?... பிள்ளை எங்க?" என்பது கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். பையைக் கையில் எடுத்தேன். இரண்டு அடிகூட வைத்துவிட்டேன். அதற்குள் பிர்கிட், பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரைப் பார்த்துச் சான்றிதழில் எழுத வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போய் என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் ஜெராட்டின் குரல் கேட்டது. "இன்னும் வரேல்லையப்பா. ஓம், இண்டைக்கும் பார்த்தது. அழாதை. அழாதை எண்டுறன்."

திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "வாங்கோ அண்ணை, ஒருக்கால் செய்து பார்ப்பம்" என்றார்.

இரண்டு மணிக்குத் தேர்வு. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு ஜப்பானிய ஆசிரியரும் பிர்கிட்டும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ஜெராட் வாளைத் தலைக்குமேல் உயர்த்தி நின்றார். இரவு முழுக்க வேலை, தூக்கமில்லை, மனைவி அழுதுகொண்டு வைத்த தொலைபேசி, ஒன்றும் அந்த வாளில் தெரியவில்லை. பன்னிரண்டு தடவையும் என் நெற்றிக்கு நேராக, கொஞ்சமும் தளராமல் வெட்டினார். பன்னிரண்டு தடவையும் சரியாகத் தோற்றார். நான் ஒன்றில்கூட முந்தவில்லை. முந்துகிற தெம்பு இல்லை என்பதுதான் உண்மை. ஜப்பானியர் தலையசைத்தார். பிர்கிட் சிவப்பு முத்திரை வைத்த காகிதத்தைக் கொடுத்தார், ஹென்னிங் கைதட்டினார்.

காகிதம் என் கைக்கு வந்து, மடிக்காமல் பத்திரமாகப் பெட்டியில் வைத்த பிறகுதான் நான் அந்த உறையை எடுத்தேன். அந்த வரிசையில்தான் செய்தேன்.

ஜெராட் நின்றபடியே கிழித்துப் படித்தார். இரண்டாவது தாளையும் படித்தார். மறுபடி முதல் தாள். பெஞ்சில் உட்கார்ந்தார். "ரெண்டு பேருக்கும் குடுத்திட்டாங்கள்" என்றார். பிர்கிட் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். ஹென்னிங் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். ஜெராட் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணை, இது எப்ப வந்தது?"

"காலையில. பத்து மணிக்கு."

"நான் கேட்டனான்."

"கேட்டீங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். எழுந்து நடைவழிக்குப் போய் எண்களைச் சுழற்றினார். வெகுநேரம் காதில் வைத்திருந்தார். மறுபடி சுழற்றினார். திரும்பி வந்து, "அங்க இப்ப ஆறரை. ஆறு மணிக்கே கடையைப் பூட்டிப்போடுவினம். அவ போயிருப்பா" என்றார்.

"நாளைக்குக் கடைக்காரர்கிட்ட சொல்லி, இல்லன்னா ஒரு தந்தி..."

"முகாமுக்குத் தந்தி போகாது. கடிதம் போக ஒண்டரை மாசம்." அவர் குரல் உயரவே இல்லை. "ரெண்டு கிழமைக்கு அவ அழுதுகொண்டு இருக்கப் போறா அண்ணை. இனி அழத் தேவையில்லாத ஒண்டுக்கு. அதை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கோ."

அன்று சாயங்காலம் அவர் எனக்குச் சோறு போட்டார். மீன் குழம்பு வைத்திருந்தார். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன்வரை காரில் கொண்டுவந்து விட்டு, பெட்டியைத் தூக்கி ரயிலில் வைத்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்டேன். "சரி அண்ணை" என்றார். அவ்வளவுதான்.

காகிதம் பலித்தது. அதிகாரி முத்திரையைத் தடவிப் பார்த்து, படக்கார்டைப் பற்றியும் பாராட்டினார். அடுத்த வாரமே வகுப்பு. திங்கள், புதன், வெள்ளி, மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்துவரை. நாற்பது போலீஸ்காரர்கள், எல்லோரும் லத்தியைத் துடைப்பக்கட்டை மாதிரி பிடிக்கிறார்கள். தொண்டை கிழியக் கத்துகிறேன்.

தேர்வு முடிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு எல்லோரையும் நிறுத்தச் சொன்னேன். டென்மார்க்கில் அப்போது பன்னிரண்டு மணி, ரெஜினாவின் தொலைபேசி வரும் நேரம். வெயிலில் நாற்பது பேரும் லத்தியோடு அப்படியே நின்றார்கள். முன்வரிசையில் இருந்த ஏட்டு, "என்ன மாஸ்டர், என்ன தப்புப் பண்ணிட்டோம்?" என்று கேட்டார். "நீங்க ஒண்ணும் பண்ணலை. நில்லுங்க" என்றேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம். ஜெராட் முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருப்பார். ரெஜினா சிரித்திருப்பாள், அழுதிருப்பாள், பிள்ளையைத் தூக்கியிருப்பாள். அப்புறம் எப்படியும் கேட்டிருப்பாள், எப்போது வந்தது என்று.